வாசல் எந்தப் பக்கம் இருந்தது? – ஹிரோஷிமா மாணவர்கள் கட்டிய நகரமும் நமது பிள்ளைகளும்



ஓகஸ்ட் மாதம் வந்தால் கிழக்கில் நமது ஊர்களின் பேச்சே வேறாகிவிடும். 3 ஆம் திகதி காத்தான்குடி ஷுஹதாக்களின் நினைவு. 12 ஆம் திகதி ஏறாவூர். இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில், 6 ஆம் திகதி, உலகம் ஹிரோஷிமாவை நினைவுகூர்கிறது. இரண்டாம் உலகப் போரைப் படிக்கும் நமது மாணவர்களுக்கு ஹிரோஷிமாவின் திகதி தெரியும், குண்டு தெரியும், அதன் பின் ஜப்பான் சரணடைந்ததும் தெரியும். பரீட்சைக்கு அவ்வளவும் போதும். ஆனால் அந்த நகரத்துப் பிள்ளைகளுக்கு அன்று என்ன நடந்தது? அதற்குப் பின்னால் பிறந்த பிள்ளைகள் அதை எப்படி நினைவில் வைத்துக்கொண்டார்கள்? இந்த வரலாறு நமக்கும் உதவக்கூடியது. பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

1945 ஓகஸ்ட் 6, திங்கட்கிழமை, காலை 8.15. ஷிமா வைத்தியசாலைக்கு மேலே சுமார் 600 மீற்றர் உயரத்தில் அணுகுண்டு வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 140,000 பேர் இறந்தார்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. இவர்களில் பெருந்தொகையானோர் பாடசாலைப் பிள்ளைகள். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அந்த வருடம் அமெரிக்க விமானங்கள் ஜப்பானிய நகரங்களைத் தீக்குண்டுகளால் எரித்துக்கொண்டிருந்தன. ஜப்பானில் அப்போது பெரும்பாலும் மர வீடுகள். ஒரு வீடு பற்றினால் தெருவே எரிந்துவிடும். எனவே வரிசை வரிசையாக வீடுகளை இடித்து, தீ தாண்ட முடியாத வெற்று நிலங்களை உண்டாக்க அரசு முடிவு செய்தது. வளர்ந்த ஆண்கள் போர்முனையில். மூத்த மாணவர்கள் தொழிற்சாலைகளில். ஆகவே இடித்த வீடுகளின் ஓடுகளையும் மரங்களையும் அகற்றும் வேலைக்கு 12, 13 வதுப் பிள்ளைகள் அழைக்கப்பட்டார்கள். அன்று காலை நகரத்தில் இந்த வேலையில் நின்றவர்கள் சுமார் 8,000 பேர். கூரையில்லாத திறந்த வெளியில் நின்றதால் அவர்களுக்கு மறைவு எதுவும் இருக்கவில்லை. சுமார் 6,000 பேர் இறந்துபோனார்கள்.

அவர்களை விட இளைய ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் பலர், பாதுகாப்புக்காக, முன்கூட்டியே கிராமங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். அவர்கள் உயிர் தப்பினார்கள். ஆனால் திரும்பி வந்தபோது அவர்களில் பலருக்கு வீடு இல்லை, தாய் தகப்பன் இல்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இப்படி அநாதைகளானார்கள்.

ஹிரோஷிமா சமாதான நினைவு நூதனசாலையில் ஒரு மாணவனின் சாப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. உள்ளே இருந்த சாப்பாடு கரியாகிப் போயிருக்கிறது. மகனின் உடலோடு அதைக் கண்டெடுத்தவர் அவனுடைய தாய். இன்னோரிடத்தில் துருப்பிடித்த ஒரு முச்சக்கரச் சைக்கிள். நான்கு வயதுகூட நிரம்பாத ஒரு சிறுவனுடையது. அவ்வளவு சின்னப் பிள்ளையைத் தூரத்து மயானத்தில் தனியே விட மனமில்லாத தகப்பன், வீட்டு வளவிலேயே அவனை அந்தச் சைக்கிளோடு புதைத்தார். நாற்பது வருடம் கழித்து, 1985 இல், எலும்புகளைக் குடும்பக் கல்லறைக்கு மாற்றும்போது சைக்கிளை எடுத்து நூதனசாலைக்குக் கொடுத்தார். இப்படியான பொருட்களுக்கு முன்னால் நின்றவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

ஆனால் பொருட்கள் தாமாகப் பேசுவதில்லை. யாராவது அவற்றை வைத்திருக்க வேண்டும். யாராவது கேட்க வேண்டும். ஹிரோஷிமாவில் இந்தக் கேட்கும் வேலை தலைமுறை தலைமுறையாக நடந்து வந்திருக்கிறது. அதில் முதலில் நிற்பவர் ஒரு கல்வியாளர் என்பது ஆசிரியர்களாகிய நமக்குப் பெருமை.

அவர் அராதா ஒசாடா. தானும் குண்டுவெடிப்பில் படுகாயப்பட்டுப் பிழைத்தவர். அன்று சிறுபிள்ளைகளாக இருந்து, சில வருடங்களில் பாடசாலை, பல்கலைக்கழக மாணவர்களாகியிருந்தவர்களிடம், கண்டதை எழுதித் தரும்படி கேட்டார். அவற்றுள் 105 கட்டுரைகளைத் தொகுத்து 1951 இல் நூலாக வெளியிட்டார். அணுகுண்டைப் பற்றிப் பிள்ளைகளின் சொல்லிலேயே வந்த ஆரம்பகாலத் தொகுப்புகளில் மிக முக்கியமானது அது.

அடுத்தது சடாகோ சசாகி. இந்தப் பெயரை நமது பிள்ளைகளில் சிலர் கேட்டிருப்பார்கள். குண்டு விழுந்தபோது அவளுக்கு 2 வயது. உடம்பில் ஒரு காயமும் இல்லை. 1955 இல் இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. வைத்தியசாலையில் காகிதக் கொக்குகளை மடித்துக்கொண்டிருந்த அவள், அந்த வருடம் ஒக்டோபர் 25 இல் தனது 12 ஆவது வயதில் இறந்தாள். கதையின் இந்தப் பாதிதான் அதிகம் சொல்லப்படுகிறது. மறுபாதி அவளுடைய வகுப்புத் தோழர்களுடையது. தங்கள் தோழிக்கும் குண்டினால் இறந்த எல்லாப் பிள்ளைகளுக்குமாக ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று அவர்கள் இயக்கம் தொடங்கினார்கள். ஜப்பான் முழுவதிலும் உள்ள பாடசாலைகளிலிருந்து பணம் சேர்ந்தது. வெளிநாடுகளிலிருந்தும் வந்தது. 1958 மே 5, ஜப்பானின் சிறுவர் தினத்தன்று, அந்தச் சின்னம் திறந்து வைக்கப்பட்டது. பிள்ளைகளுக்காகப் பிள்ளைகளே எழுப்பிய சின்னம் அது.

பிறகு ஓவியங்கள். 1974 இல் ஒரு வயோதிபர், தான் கண்ட காட்சியைத் தானே வரைந்து ஜப்பானின் தேசிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் ஹிரோஷிமா நிலையத்துக்குக் கொண்டுபோனார். நிலையத்தார் அதைக் காட்டி, மற்றவர்களையும் வரையும்படி கேட்டார்கள். இரண்டு வருடங்களுக்குள் 2,000 க்கும் மேற்பட்ட படங்கள் வந்து சேர்ந்தன. வரையத் தெரியாதவர்கள், வாழ்க்கையில் தூரிகை தொடாதவர்கள் வரைந்த படங்கள். படத்தின் ஓரத்தில், இடம் இது, நேரம் இது, இவர் இன்னார் என்று எழுதியிருந்தார்கள்.

2007 இலிருந்து மோட்டோமாச்சி உயர்நிலைப் பாடசாலையின் சித்திரப் பிரிவு மாணவர்கள் இந்த வேலையை வேறு விதமாகத் தொடர்கிறார்கள். ஒரு மாணவர், ஒரு உயிர் தப்பியவர். இருவரும் பல தடவைகள் சந்திக்கிறார்கள். அவர் சொல்ல, இவர் வரைய, அவர் திருத்த, இவர் மீண்டும் வரைய, மாதக்கணக்கில் ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் உருவாகிறது. வானத்தின் நிறம் இதுவல்ல என்பார் முதியவர். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை, அந்த வானத்தை ஒருநாளும் காணாத பிள்ளை, திரும்பவும் நிறம் கலக்கும்.

இந்த வரிசையில் வந்து சேர்ந்ததுதான் மெய்நிகர் கலை. இது என்ன என்று கேட்கும் மூத்தவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். கண்களை முழுவதும் மூடுகிற ஒரு கருவியைத் தலையில் மாட்டுவார்கள். உள்ளே ஒவ்வொரு கண்ணுக்கும் சற்றே வித்தியாசமான படம் காட்டப்படும். அதனால் காட்சிக்கு ஆழம் வருகிறது. தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் கருவி அதை உணர்ந்து காட்சியையும் திருப்பும். படத்தைப் பார்க்கிறோம் என்ற எண்ணம் மறைந்து, அந்த இடத்திலேயே நிற்கிறோம் என்று மனம் நம்பத் தொடங்கும்.

ஹிரோஷிமா நகரிலிருந்து சுமார் 100 கிலோமீற்றர் கிழக்கே இருக்கிறது ஃபுகுயாமா. 1945 ஓகஸ்ட் 8 ஆம் திகதி இரவு தீக்குண்டு வீச்சில் எரிந்த நகரம் அது. அங்குள்ள தொழில்நுட்ப உயர்நிலைப் பாடசாலையின் கணினிக் கழக மாணவர்கள், ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டலில், குண்டு விழுவதற்கு முன்னும் விழுந்த கணத்திலும் அதற்குப் பின்னும் இருந்த ஹிரோஷிமாவை மெய்நிகர் உலகில் கட்டினார்கள். இரண்டு வருட உழைப்பு. 2018 இல் உலகச் செய்தி நிறுவனங்கள் அதைப் பற்றி எழுதியபோது கிடைத்த காட்சியின் நீளம் ஐந்து நிமிடம்.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன இருக்கிறது? கோடை காலக் காலை. மரங்களில் சில்வண்டுகளின் இரைச்சல். மொட்டோயாசு ஆற்றின் கரையோரம் நடக்கலாம். கடைகளைப் பார்க்கலாம். தபாலகத்துக்குள் போகலாம். ஷிமா வைத்தியசாலையின் முற்றத்தில் நிற்கலாம். மேலே ஒரேயொரு விமானம். ஒரு வெளிச்சம். பிறகு பேரோசை. அதன் பின் கட்டடங்கள் இல்லை. இருண்ட வானத்தின் கீழே தீ எரியும் சத்தம் மட்டும்.

பார்க்கிறவருக்கு இது ஐந்து நிமிடம். செய்தவர்களுக்கு இரண்டு வருடம். இந்த வித்தியாசத்தில்தான் நமக்கான பாடம் இருக்கிறது என்று நினைக்கிறோம்.

ஒரு கட்டடத்தைப் பற்றி எழுதுவதென்றால் "அங்கே ஒரு தபாலகம் இருந்தது" என்று ஒரு வசனத்தில் முடித்துவிடலாம். வரைவதென்றால் முன்பக்கம் மட்டும் தெரிந்தால் போதும். ஆனால் ஒருவர் உள்ளே நடந்து போகும்படி கட்டுவதென்றால் எல்லாம் தெரிய வேண்டும். வாசல் எந்தப் பக்கம் இருந்தது? கதவு எந்தப் பக்கம் திறக்கும்? சுவரில் எவ்வளவு பழசு ஏறியிருந்தது? காலை எட்டு மணி வெயில் எந்த யன்னலால் உள்ளே விழும்? பழைய புகைப்படங்களும் தபாலட்டைகளும் ஓரளவுக்குத்தான் உதவும். மிச்சத்துக்கு அங்கே வாழ்ந்த மனிதரிடம்தான் போக வேண்டும். அந்த மாணவர்கள் போனார்கள். உயிர் தப்பியவர்களைச் சந்தித்துக் கேட்டார்கள். செய்ததை அவர்களிடமே காட்டித் திருத்தம் கேட்டார்கள். தாங்கள் சிறுவயதில் நடந்த தெருவை மீண்டும் கண்ட முதியவர்கள், அந்தக் கால நினைவுகளைச் சொல்லத் தொடங்கினார்கள். இந்த விடயத்தில் முன்பு பெரிய ஆர்வம் இல்லாதிருந்த மாணவர், ஒவ்வொரு கட்டடமாகக் கட்டி, பிறகு அதை இல்லாமலாக்கும் வேலையைச் செய்யும்போதுதான் அந்தக் குண்டு என்னவென்று உணர்ந்ததாகச் சொன்னார்.

குண்டு வெடித்து அரை நூற்றாண்டுக்கும் பிறகு பிறந்த பிள்ளைகள் இவர்கள். 105 கட்டுரைகள், சிறுவர் சின்னம், 2,000 படங்கள், எண்ணெய் ஓவியம், மெய்நிகர் நகரம்: கருவிகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. இளையவர் போய்க் கேட்பதும், மூத்தவர் இருந்து சொல்வதும் மாறவில்லை.

இதே கருவியை உலகின் வேறு கைகள் வேறு விதமாகப் பயன்படுத்தியிருக்கின்றன. 2015 இல் ஐக்கிய நாடுகள் சபைக்காக எடுக்கப்பட்ட ஒரு மெய்நிகர் படம், ஜோர்தானின் ஸஅதரி முகாமில் வாழ்ந்த சித்ரா என்ற 12 வயதுச் சிரியச் சிறுமியைப் பின்தொடர்கிறது. அவளுடைய வகுப்பறை, ரொட்டி சுடும் இடம், பெண் பிள்ளைகள் பந்து விளையாடும் மைதானம் எல்லாம் நம்மைச் சுற்றி விரியும். உலகத் தலைவர்களும் செல்வந்தர்களும் கூடும் டாவோஸ் மாநாட்டில் அது காட்டப்பட்டது. நிதி திரட்டவும் பயன்பட்டது. அதே வருட இறுதியில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை, உக்ரைன், தென் சூடான், சிரியா ஆகிய நாடுகளின் இடம்பெயர்ந்த மூன்று பிள்ளைகளைப் பற்றிய படத்தை வெளியிட்டு, அதைப் பார்ப்பதற்கான காகித அட்டைக் கருவிகளைப் பத்து இலட்சத்துக்கும் அதிகமான சந்தாதாரர்களின் வீடுகளுக்கு அனுப்பியது. 2016 இல், காஸாவில் ஐ.நா. பாடசாலை மீதான 2014 ஆம் ஆண்டுத் தாக்குதலில் இரண்டு பிள்ளைகளை இழந்த தாயைப் பற்றியும் ஒரு மெய்நிகர் படம் வந்தது. அதற்குப் பின் காஸாவின் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்பதை நாம் எழுதத் தேவையில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இந்தப் படங்களின் நோக்கம் நல்லது. பலருடைய மனதை அவை அசைத்தன. ஆனால் அவற்றை ஹிரோஷிமா மாணவர்களின் வேலையோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரியும். முகாமில் இருக்கும் பிள்ளையை வெளியிலிருந்து வந்தவர்கள் படமெடுத்து, வெளியில் இருப்பவர்களுக்குக் காட்டுகிறார்கள். தனது முகம் எந்த ஊரில், எந்த மண்டபத்தில், யாருக்குக் காட்டப்படுகிறது என்பதை அந்தப் பிள்ளை தீர்மானிப்பதில்லை. ஃபுகுயாமாவில், நடந்ததைச் சொல்கிறவரும் கட்டுகிறவரும் ஒரே மாகாணத்தின் மனிதர்கள். சரியா பிழையா என்று சொல்லும் உரிமை அனுபவித்தவரிடமே இருக்கிறது.

இன்னொரு கேள்வியும் உண்டு. எல்லாவற்றையும் காட்டத்தான் வேண்டுமா? நாஸிகளிடமிருந்து ஒளிந்து வாழ்ந்து நாட்குறிப்பு எழுதிய ஆன் ஃபிராங்கின் மறைவிடம் அம்ஸ்டர்டாமில் நூதனசாலையாக இருக்கிறது. தளபாடங்கள் எல்லாம் பறிக்கப்பட்ட அந்த அறைகள் வெறுமையாகவே இருக்க வேண்டும் என்பது உயிரோடு திரும்பி வந்த தகப்பனின் விருப்பம். இன்றும் அப்படியேதான் இருக்கின்றன. 2018 இல் அதே நூதனசாலை, கட்டில், மேசை எல்லாம் உள்ள அறைகளை மெய்நிகர் காட்சியாக உருவாக்கியது. இழந்தது என்னவென்று காட்சி சொல்கிறது. இழந்துவிட்டோம் என்பதை வெற்றறை சொல்கிறது. இரண்டும் வேண்டும். காத்தான்குடிப் பள்ளிவாசல் சுவரில் இன்றும் பேணப்படும் குண்டுத் துளைகள் அந்த வெற்றறையின் வகையைச் சேர்ந்தவை.

இனி நமது பக்கம் வருவோம்.

1990 இல் பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு இன்று நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. அந்த வருடம் ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000 க்கும் அதிகம். யாழ்ப்பாணத்தில் அதற்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த பிள்ளைகள் புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் வளர்ந்து, கலியாணம் முடித்து, இன்று அவர்களுடைய பிள்ளைகள் நமது வகுப்புகளில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் ஊர் எது என்று கேட்டால் வாப்பாவின் ஊர்ப் பெயரைச் சொல்வார்கள். அங்கே வீடு எப்படி இருந்தது என்றால் தெரியாது. சொல்லக்கூடிய மூத்தம்மாக்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். இதற்குத்தான் அவசரம்.

பெரிய செலவு எதுவும் தேவையில்லை. தலையில் மாட்டும் கருவி நமது பாடசாலைக்கு எப்போது வரும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. தரம் 9 பிள்ளை ஒரு கொப்பியோடு மூத்தம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டின் வரைபடத்தைக் கீறலாம். திண்ணை எங்கே, கிணறு எங்கே, முருங்கை மரம் எங்கே, பாங்கு எந்தத் திசையிலிருந்து கேட்கும், பாடசாலைக்கு எந்த ஒழுங்கையால் போவது. அடுத்த பிள்ளை பக்கத்து வீட்டைக் கீறினால் தெருவாகும். பத்துப் பிள்ளைகள் சேர்ந்தால் ஊராகும். தகவல் தொழில்நுட்பம் படிக்கும் உயர்தர மாணவர்கள் பிறகு அதை இலவச மென்பொருளில் கட்டி எழுப்பலாம். கையடக்கத் தொலைபேசியும் ஓர் அட்டைப் பெட்டியும் இருந்தால் உள்ளே போய்ப் பார்க்கலாம். உருவம் வரைவது பற்றிச் சிலருக்கு மனத்தடை இருக்கும். இதில் முகங்கள் தேவையே இல்லை. வீடும் கிணறும் மரமும் ஒழுங்கையும் போதும்.

சில ஒழுங்குகள் மட்டும் வேண்டும். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. கண்ணீர் வந்தால் கொப்பியை மூடிவிட வேண்டும். மையித்துகளைக் காட்சியாக்கக் கூடாது. வெடிச் சத்தத்தையும் இரத்தத்தையும் விளையாட்டுப் போல ஆக்கக் கூடாது. கட்டியதை முதலில் சொன்னவருக்கே காட்ட வேண்டும். அவர் சரியென்றால்தான் வெளியில் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. நமது பிள்ளைகளின் நினைவை மட்டும் கட்டினால் வேலை பாதியிலேயே நின்றுவிடும். 1995 இல் நாகர்கோவில் பாடசாலையில் விமானக் குண்டுக்குப் பலியானவர்கள் தமிழ் மாணவர்கள். 2006 ஓகஸ்ட் 14 இல் செஞ்சோலை வளாகத்தில் விமானத் தாக்குதலில் இறந்தவர்களும் பள்ளி மாணவிகள்தான். 1987 இல் அரந்தலாவையில் பஸ்ஸை மறித்துக் கொல்லப்பட்டவர்களில் சிறுவயதுச் சாமணேர பிக்குகள் இருந்தார்கள். 2006 இல் கெப்பித்திகொல்லாவையில் கண்ணிவெடிக்கு இலக்கான பஸ்ஸில் சிங்களச் சிறுவர்கள் இருந்தார்கள். புத்தகம் பிடித்த கையில் துவக்குக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். ஒவ்வொரு சமூகமும் தன்னுடைய பிள்ளைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், அந்த எண்ணிக்கை அடுத்த சண்டைக்கே பயன்படும். ஹிரோஷிமாவின் சிறுவர் சின்னம் சடாகோவோடு நிற்காமல், இறந்த எல்லாப் பிள்ளைகளுக்குமாக எழுப்பப்பட்டதை மறக்கக் கூடாது. நமது மாணவர் கீறிய சோனகத் தெருவை ஒரு தமிழ் மாணவரும், அவர் கீறிய வன்னி வீட்டை நமது மாணவரும் பார்க்கிற நாள் வரவேண்டும். இன்ஷா அல்லாஹ், அது முடியாத காரியம் அல்ல.

பெற்றோருக்கு ஒரு சின்ன வேண்டுகோள். இந்த விடுமுறையில் பிள்ளையின் கையில் ஒரு கொப்பியையும் பென்சிலையும் கொடுத்து, மூத்தம்மாவிடமோ மூத்தவாப்பாவிடமோ அனுப்புங்கள். "யுத்தத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்கச் சொல்ல வேண்டாம். அது பெரிய கேள்வி. பலர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவார்கள். "உங்கட பழைய வீட்டின் வாசல் எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேட்கச் சொல்லுங்கள். மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்.